லெவல் நைன்: ஒலிநாடாவில் அடங்கிய உரைவழிச் சாகச விளையாட்டுகள்

1981இல் ஆஸ்டின் சகோதரர்கள் மூவர் இங்கிலாந்தில் தொடங்கிய லெவல் நைன் நிறுவனம், உரைவழிச் சாகச விளையாட்டுகளின் வரலாற்றில் அமெரிக்க இன்ஃபோகாமின் பிரித்தானிய இணையாகவே பெரிதும் சுட்டப்படுகிறது. இவ்வொப்பீடு ஓர் அடிப்படை வேறுபாட்டை மறைக்கிறது. இன்ஃபோகாம் விளையாட்டுகள் வேண்டிய உரைப்பகுதியை நெகிழ்வட்டிலிருந்து அவ்வப்போது எடுத்துக்கொண்டன. பிரித்தானிய வீடுகளில் பரவலாக இருந்ததோ ஒலிநாடா. அதிலிருந்து விளையாட்டு முழுவதும் ஒருசேர நினைவகத்தில் ஏறியாக வேண்டும். பிபிசி மைக்ரோ கணினியில் அந்நினைவகம் 32 கிலோபைட்டே.

இந்நெருக்கடிக்கு விடையாகச் சகோதரர்கள் ‘ஏ-கோடு’ என்னும் செறிவான இடைநிலை நிரல்மொழியை உருவாக்கினர். மீண்டும் மீண்டும் வரும் எழுத்துத்தொடர்களுக்குக் குறியீடு இட்டு உரையையும் சுருக்கினர். பெருங்கணினியில் பிறந்த குகைப்பயண விளையாட்டு ‘கொலோசல் அட்வெஞ்சர்’ என வீட்டுக் கணினிக்குள் அடங்கியது. அடங்கியபின் எஞ்சிய இடத்தில் ஏறத்தாழ 70 புதிய இடங்களும் சேர்ந்தன என்பதே வியப்பு.

1983இல் வந்த ‘ஸ்னோபால்’ 7000 இடங்கள் கொண்டதாக விளம்பரப்படுத்தப்பட்டது. அவற்றுள் ஏறத்தாழ 6800, நிறக்குறியீட்டால் வேறுபடும் ஒரே வகை அறைகள். இதை வணிகத் தந்திரமென ஒதுக்கிவிடலாம். எனினும் அத்தனை அறைகளையும் தனித்தனியே விவரிக்க அந்நினைவகத்தில் இடமில்லை என்பதையும் கருத வேண்டும்.

1991இல் நிறுவனம் முடிவுற்றது. ஏ-கோடு குறிப்பிட்ட கணினி எதையும் சாராதது. ஆதலின் அதைப் படித்து இயக்கும் நிரல் ஒன்றைக் கொண்டு அவ்விளையாட்டுகளை இன்றைய கணினிகளிலும் ஆட இயலுகிறது.