அறுபத்தோராவது யுனிட்

2023 பெப்ரவரிக் கட்டண உயர்வுக்குப் பிறகு வந்த முதல் கரண்ட் பில்லை அம்மா மூன்று தரம் வாசிச்சா. 3,338 ரூபா. "மனே, இதில ஏதோ பிழை கிடக்கு" எண்டா அம்மம்மா. பிழை இல்லை. நாங்கள் 64 யுனிட் எரிச்சிருந்தம். பிழை அந்த 64இல்தான்.

இலங்கையில் வீட்டு மின்கட்டணத்துக்கு 60 யுனிட்டில் ஒரு சுவர் இருக்கு. அதுக்குள்ள நிண்டால் ஒரு விலைப்பட்டியல். 61ஆவது யுனிட்டைத் தொட்டால் முதல் யுனிட்டில் இருந்தே வேறு பட்டியல். இந்தச் சுவர் புதுசில்லை. 2014 கட்டணத்தின்படி 60 யுனிட்டுக்கு 280.50 ரூபா, 61க்கு 571 ரூபா. அப்பவும் இரட்டிப்புத்தான், ஆனா முந்நூறு ரூபாக்குள்ள எண்டபடியால் எங்கட வீட்டில யாரும் கவனிக்கேல்ல. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் ஏத்தினாங்கள். அதே 60 யுனிட் 780 ஆகி, பிறகு 2,560 ஆனது. வரியைச் சேர்க்காமலே 61க்கு 3,212. ஒரேயொரு யுனிட்டின் விலை 652 ரூபா!

குறைவாக எரிக்கிற ஏழைக்குச் சலுகை எண்டதுதான் இதன் நியாயம். ஆனால் சுவர் ஆக்களை எண்ணாது, மீட்டரைத்தான் எண்ணும். ஒரு மீட்டரில இரண்டு குடும்பம் இருக்கிற வீடு புளியந்தீவிலும் இருக்கு. அவர்கள் என்ன சிக்கனம் பிடிச்சாலும் 60க்குள்ள நிற்க ஏலாது.

மலையாற்றுத் தண்ணியில மின்சாரம் எடுக்கலாம் எண்டு விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை வாசிச்சார். லக்சபான நிலையம் 1950இல்தான் திறந்தது. பிறகு தேவை ஆத்துத் தண்ணியைத் தாண்டிப் போக, வெளிநாட்டு எண்ணெயும் நிலக்கரியும் வந்தது. 2022இல் டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டும் இல்லை. 78 சூறாவளிக்குப் பிறகு பழகின குப்பிலாம்பை அம்மம்மா திரும்ப எடுத்தது அப்பதான்.

எரிக்கிறதை அளக்கிறதும் பழைய தலையிடிதான். எடிசன் காலத்து மீட்டரில் இருந்தது நாகத் தகடுகள். மாதாமாதம் கழட்டி நிறுத்துப் பார்த்துத்தான் பில் போட்டாங்கள், வீட்டுக்காரருக்கு ஒண்டும் விளங்காது. 1889இல் ஹங்கேரியின் ஒட்டோ பிளாதி செய்த சுழல் தட்டு மீட்டரின் வழிவந்ததுதான் எங்கட விறாந்தையில சுத்துறதும். அதை நாங்களும் வாசிக்கலாம்.

வாசிச்சம். அம்மா அயனைச் சந்தேகப்பட்டா, அதாவது என்னை. 1000 வாட் அயன் 15 நிமிசம் ஓடினால் கால் யுனிட். நான் தினமும் அயன் பண்ணினாலும் மாதம் ஏழரைதான். ஒரு ஞாயிறு எல்லாரும் கல்லடியில சொந்தக்காரர் வீட்டில தங்கினம். பிரிஜ் மட்டும் ஓடினது. அடுத்த நாள் காலமை பார்த்தால் 1.2 யுனிட் ஏறியிருந்தது. மாதத்துக்கு 36, மொத்தத்தில் பாதிக்கும் மேல! கதவு றப்பர் வெடிச்சு, குளிர் வெளிய போய்க்கொண்டு இருந்திருக்கு.

றப்பரை மாத்தினம். அடுத்த பில் 57 யுனிட், 2,449 ரூபா. குறைந்தது ஏழு யுனிட், மிஞ்சினது 889 ரூபா.

அதுக்குப் பிறகு கட்டணம் பலதரம் ஏறி இறங்கிட்டுது. அம்மா இன்னும் கலண்டரில் மீட்டர் இலக்கத்தை எழுதுறா. இண்டைக்கு 19ஆம் திகதி, 41 யுனிட். அயன் பெட்டி அலுமாரிக்கு மேல.