எழுத்துரு உட்பொதிப்பும் தொகுத்தல் தடையும்

எழுத்துரு உட்பொதிப்பு என்பது ஓர் ஆவணத்தில் பயன்படுத்தப்பட்ட எழுத்துருவை அந்த ஆவணக் கோப்பிற்குள்ளேயே சேர்த்துச் சேமிக்கும் முறையாகும். அவ்வெழுத்துரு நிறுவப்படாத கணினியிலும் ஆவணம் அதே தோற்றத்தில் தெரிவதற்காக இது செய்யப்படுகிறது. உட்பொதித்த எழுத்துருவின் உரிமம் பார்வைக்கும் அச்சுக்கும் மட்டும் இடம் தந்தால், மைக்ரோசாஃப்ட் பவர்பாயிண்ட் அந்நிகழ்த்துதல் கோப்பைப் படிக்க மட்டுமே திறக்கும்; தொகுக்க விடாது. இத்தடையை நீக்குவது எளிது. எனினும் ஒருங்குறிக்கு முற்பட்ட குறியாக்கங்களில் அமைந்த தமிழ்க் கோப்புகளில், எழுத்துருவை நீக்கினால் உரையே படிக்க இயலாததாகிவிடக்கூடும்.

தடை தோன்றும் விதம்

ட்ரூடைப், ஓப்பன்டைப் எழுத்துருக்களில் பொதுவாக ஓஎஸ்/2 என்னும் அட்டவணை உள்ளது. அதிலுள்ள எஃப்எஸ்டைப் என்னும் புலம் உட்பொதிப்பு உரிமையைக் குறிக்கிறது. அதன் முதன்மையான மதிப்புகள் வருமாறு:

* 0 - தடையின்றி உட்பொதிக்கலாம். பெறுபவர் நிறுவிக்கொள்ளவும் செய்யலாம்.
* 2 - உரிமையாளரின் இசைவின்றி உட்பொதிக்கக் கூடாது.
* 4 - பார்வைக்கும் அச்சுக்கும் மட்டும் உட்பொதிக்கலாம். ஆவணத்தைப் படிக்க மட்டுமே திறக்க வேண்டும்.
* 8 - உட்பொதிக்கலாம். ஆவணத்தைத் தொகுக்கவும் செய்யலாம்.

ஒரு கோப்பில் பல எழுத்துருக்கள் இருந்து, அவற்றுள் ஒன்று மட்டும் 4 என்ற மதிப்பைக் கொண்டிருந்தாலும் முழுக் கோப்பும் தொகுக்க இயலாததாகிறது. கோப்பை ஆக்கியவரின் கணினியில் எழுத்துரு நிறுவப்பட்டிருப்பதால், தாம் பூட்டப்பட்ட கோப்பை அனுப்புவதைப் பெரும்பாலும் அவர் அறிவதில்லை. கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட கோப்புகளும், இறுதிப்படி எனக் குறிக்கப்பட்ட கோப்புகளும் இவற்றினின்றும் வேறானவை.

தமிழ் எழுத்துருக்களில் உள்ள சிக்கல்

ஒருங்குறித் தரத்தில் தமிழ் 1991 ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. எனினும் அதன் பின்னரும் நெடுங்காலம் பாமினி, வானவில் முதலிய 8-பிட்டு எழுத்துருக்களே பரவலாகப் பயன்பட்டன. 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் ஆகிய குறியாக்கங்கள் தரப்படுத்தப்பட்டன. 2010 சூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், அது இயங்காத இடங்களுக்கு டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது.

8-பிட்டு எழுத்துருக்கள் பலவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டுள்ளன. பாமினியில் தட்டச்சிட்ட "தமிழ்" என்னும் சொல், கோப்பினுள் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் பதிவாகிறது. எழுத்துரு இருக்கும் வரை அது தமிழாகத் தெரியும். நீங்கினால் அந்த ஆங்கில எழுத்துகளே எஞ்சும். எடுத்துக்காட்டாக, பாவூர்சத்திரத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில் இவ்வாறு ஆக்கிய நிகழ்த்துதலைத் தென்காசியில் உள்ள ஒரு பள்ளியின் கணினியில் திறந்து, எழுத்துருவை நீக்கிச் சேமித்தால், எல்லாச் சில்லுகளிலும் (ஸ்லைடு) பொருளற்ற எழுத்துக்கோவையே காணப்படும். ஒருங்குறி உரையில் இவ்விழப்பு நேராது. லதா, நிர்மலா போன்ற வேறொரு தமிழ் எழுத்துருவில் உரை தெரியும். வரிகளின் நீளமும் இடைவெளியும் மட்டுமே மாறும்.

நீக்கும் முறைகள்

எம்முறையைக் கையாள்வதாயினும் முதலில் கோப்பின் படி ஒன்றை எடுத்து வைத்தல் வேண்டும்.

# ஆக்கியவரிடம் கேட்டல்: உட்பொதிப்புத் தெரிவை நீக்கி மீண்டும் சேமித்த கோப்பை ஆக்கியவரிடமிருந்து பெறுவதே எளிய வழியாகும். இத்தெரிவு பவர்பாயிண்டின் விருப்பங்களில் சேமித்தல் பகுதியில் உள்ளது.
# எழுத்துருவை நீக்கித் திறத்தல்: தடையை அறிவிக்கும் பெட்டியிலேயே, தடைசெய்யப்பட்ட எழுத்துருக்களை நீக்கித் திறக்கும் தெரிவைப் பவர்பாயிண்ட் அளிக்கிறது. 8-பிட்டு எழுத்துருவாயின் முறையான உரிமத்துடன் அதைக் கணினியில் நிறுவிய பின்னரே இதைச் செய்ய வேண்டும். அப்போது உரையும் சிதையாது, தொகுக்கவும் இயலும்.
# கோப்பினுள் நீக்குதல்: பிபிடிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு சிப் தொகுப்பாகும். அதனுள் எழுத்துருக்கள் தனி அடைவில் உள்ளன. அவற்றின் பட்டியல் நிகழ்த்துதலின் முதன்மை எக்ஸ்எம்எல் கோப்பிலும், இணைப்புகள் அதன் தொடர்புக் கோப்பிலும் உள்ளன. மூன்றையும் சேர்த்தே நீக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் கோப்பு பழுதடைந்ததாக அறிவிக்கப்படக்கூடும். பழைய பிபிடி வடிவம் இருமக் கோப்பாதலால் இம்முறை அதற்குப் பொருந்தாது.

தொகுக்க முடிந்தபின், 8-பிட்டு உரையை ஒருங்குறிக்கு மாற்றுதல் நிலையான தீர்வாகும். என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் முதலிய குறிமாற்றிகள் இதற்குப் பயன்படுகின்றன. ஒரே வரியில் கலந்துள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களையும் தமிழெனக் கொண்டு குறிமாற்றி சிதைத்துவிடும் ஆதலின், அவற்றைத் தனியே பிரித்துக்கொள்ள வேண்டும்.

சட்ட நிலை

எஃப்எஸ்டைப் மதிப்பை மாற்றும் கருவிகளும் உள்ளன. அம்மதிப்பு எழுத்துருவைக் காக்கும் பூட்டன்று; உரிமத்தைத் தெரிவிக்கும் குறிப்பு மட்டுமே. அக்ஃபா மோனோடைப் நிறுவனம் அடோபி நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், உட்பொதிப்புப் பிட்டுகள் அணுகலைத் திறம்படக் கட்டுப்படுத்தும் தொழில்நுட்பக் காப்பு ஆகா என்று 2005 இல் அமெரிக்காவின் வட இலினொய் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் எழுத்துருவின் உரிம விதிகள் இத்தீர்ப்பால் நீங்குவதில்லை. கோப்பிலிருந்து எழுத்துருவை நீக்குவது அவ்வெழுத்துருவைப் படியெடுப்பதன்று. மதிப்பை மாற்றிப் பரப்புவதோ உரிமத்தை மீறுவதாகலாம்.

தவிர்க்கும் வழி

நோட்டோ சான்சு தமிழ், கதமரான், முக்தா மலர், மீரா இனிமை ஆகிய ஒருங்குறி எழுத்துருக்கள் கட்டற்ற எழுத்துரு உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளன. இவற்றில் ஆக்கும் கோப்புகளில் உரிமம் சார்ந்த தொகுத்தல் தடை எழுவதில்லை. உட்பொதிக்கும்போது, பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் சேர்க்கும் தெரிவைத் தவிர்த்து எல்லா எழுத்துகளையும் சேர்த்தால், பெறுபவர் புதிய சொற்களையும் அதே எழுத்துருவில் எழுத இயலும்.