நிரல் ‘முடிந்தது’ என்கிறது: படங்கள் போய்ச் சேர்ந்தனவா?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வீடுகளில் இருந்த ஆவணங்கள் பலவும் போரிலும் இடப்பெயர்விலும் தொலைந்தன. 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் பேணிவருகின்றது ‘நூலகம்’ எண்ணிம நூலகம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் குடும்பங்களிடமும் ஸ்கேன் செய்து பாதுகாக்க வேண்டிய பழைய படங்கள், கடிதங்கள் உண்டு.

நூற்றுக்கணக்கான படங்களை இணையப் படிவமொன்றில் ஒவ்வொன்றாக ஏற்றுவது கடினம். அதற்காகப் பைதன் போன்ற மொழிகளில் சிறு நிரல் எழுதுவதுண்டு. அது தவறினால் பின்வரும் ஒழுங்கில் சோதிக்கலாம்.

முதலில் ஒரு படத்தைக் கையால் ஏற்றிப் பாருங்கள். அதுவும் தவறினால் கோளாறு நிரலில் இல்லை.

அடுத்து, சேவையகம் தரும் பதில் எண்ணைப் பாருங்கள். 403 என்றால் அனுமதி மறுக்கப்பட்டுள்ளது. உள்நுழைவு காலாவதியாகியிருக்கலாம், அல்லது படிவத்துக்குள் மறைந்திருக்கும் பாதுகாப்புக் குறியீட்டை நிரல் அனுப்பாமல் விட்டிருக்கலாம். 413 என்றால் கோப்பு மிகப் பெரியது.

200 வந்தாலும் நம்பிவிட வேண்டாம். பக்கம் கிடைத்தது என்பதே அதன் பொருள். பிஎச்பி தளங்களில் இயல்பான வரம்பு ஒரு கோப்புக்கு 2 எம்பி, ஒரு தடவைக்கு 20 கோப்புகள். 21ஆவது படம் சேமிக்கப்படாமலே போகலாம். எனவே ஒவ்வொன்றாக, சிறு இடைவெளி விட்டு அனுப்புவதே நல்லது.

தமிழ்க் கோப்புப் பெயர்களில் வேறொரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்பதிலுள்ள உயிர்க்குறியை யுனிகோட்டில் ஒரே குறியாகவும் இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கோ இரு வேறு பெயர்கள். கோப்புக்கு எண்ணிட்டு, தமிழ்ப் பெயரை விவரப் பகுதியில் எழுதுவது பாதுகாப்பானது.

கைபேசிப் படங்களுக்குள் எடுத்த இடத்தின் விவரமும் பதிந்திருக்கலாம். பொதுவில் ஏற்றும் பிரதியிலிருந்து அதை நீக்கிவிடுங்கள்.

இறுதியாக, அனுப்பிய படங்களையும் தளத்தில் உள்ளவற்றையும் எண்ணிப் பாருங்கள். சிலவற்றைத் தரவிறக்கித் திறந்து பாருங்கள். அதுவரை மூலக் கோப்புகளை அழிக்க வேண்டாம். காகிதப் பிரதியை அதன் பின்னரும் பத்திரப்படுத்துங்கள்.