நீதிபதி நியமனம் நமக்கு எதற்கு?



"உயர் நீதிமன்றத்துக்குப் புதிய நீதிபதிகள்" என்ற செய்தியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறோம். தேர்தல் என்றால் டீக்கடையில் ஒரு மாதம் பேசுவோம். இவர்களோ நம் ஓட்டில் வருபவர்கள் அல்ல. கொலீஜியம் பரிந்துரைக்கிறது, குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், 62 வயது வரை பதவி.

கொஞ்சம் ஊர்க்கதை (வகுப்பெடுத்துப் பழகிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்). 1948 மார்ச்சில் இணையும்வரை நம் சமஸ்தானத்துக்குத் தனி நீதிமன்றங்கள் இருந்தன. பிறகு மேல்வழக்கு என்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். 2004 ஜூலை 24-இல் மதுரைக் கிளை திறந்தபின்தான் காலையில் பஸ் ஏறி இரவு வீடு திரும்ப முடிகிறது. அங்கே யார் அமர்கிறார் என்பது நம் வீட்டு விஷயம்.

2017 ஜூனில் நியமனமானவர்களில் ஒருவர் ஜி.ஆர். சுவாமிநாதன். அவருடைய எல்லாத் தீர்ப்புகளிலும் எனக்கு உடன்பாடு இல்லை, அது தனிக்கதை. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் 2018-இல் கோயிலில் மணம் செய்துகொண்டார்கள். பதிவுத்துறை பதிய மறுத்தது. இந்து திருமணச் சட்டம் 'மணமகள்' என்று சொல்வது பெண்ணைத்தான் என்பது அரசுத் தரப்பு வாதம். சட்டம் 1955-இல் எழுதியது, அந்தச் சொல் மாறவே இல்லை. 2019 ஏப்ரல் 22-இல் இந்த நீதிபதி, திருநங்கையும் அந்தச் சொல்லுக்குள் வருவார் என்று தீர்ப்பளித்தார். திருநர் தம் பாலினத்தைத் தாமே சொல்லிக்கொள்ளலாம் என்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குத் துணை.

அதோடு நிற்கவில்லை. வழக்கில் யாரும் கேட்காத ஒன்றையும் எடுத்தார். ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு சில குழந்தைகள் பிறக்கின்றன. இடைப்பாலினக் குழந்தைகள் என்பார்கள். அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்ற பயத்தில் பெற்றோர் தவிக்க, பச்சிளம் உடம்பில் கத்தி வைத்து ஏதோ ஒரு பாலாக்கிவிடுவார்கள். வளர்ந்தபின் அந்தப் பிள்ளை "நான் அது இல்லை" என்றால் வெட்டியதை ஒட்ட முடியுமா? உயிருக்கு ஆபத்து என்றால் தவிர இந்த அறுவை கூடாது என்று அரசாணை போடச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு ஆணையிட்டது. இந்தியாவில் இதுவே முதல். மால்டா நாடு 2015-இலேயே சட்டம் போட்டிருந்தது.

2018-இல் வந்த என். ஆனந்த் வெங்கடேஷ் இன்னொருவர். பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிய இரு இளம்பெண்களின் வழக்கு. தனக்கே இது முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தார். அறுபதைத் தாண்டிய நமக்கெல்லாம் அது வருமா? 2021 ஜூனில், ஓரினச்சேர்க்கையை "குணப்படுத்துகிறேன்" என்று சொல்லும் சிகிச்சைக்குத் தடை விதித்தார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவர்களின் தொழில்முறைக் குற்றம் என்றது.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை ஏற்கவில்லை. ஆனால் ஆணும் திருநங்கையும் இப்போதுள்ள சட்டப்படியே மணக்கலாம் என்று உறுதி செய்தது. அதனால் தூத்துக்குடித் தீர்ப்பு இன்று இன்னும் பலமாக நிற்கிறது.

நம் மாணவர்களில் பதிவு அலுவலகங்களிலும் பிரசவ வார்டுகளிலும் வேலை பார்ப்பவர்கள் உண்டு. இந்த உத்தரவுகள் உங்கள் மேசைக்கு வந்தனவா? கமெண்டில் எழுதுங்கள்.