ஜெர்சி மாடும் ஜெர்சித் துணியும்: வீட்டுப் பின்னலின் கதை

மலருக்கு ஏதாவது எழுதுன்னு சொன்னாங்க. நான் வீட்டில் அளவெடுத்து ஸ்வெட்டர் பின்னித் தர்றவ. அதனால அந்தத் தொழிலோட பழைய கதையையே எழுதறேன்.

நம்ம கட்டுத்தரையில் நிக்கிறது ஜெர்சி கலப்பு மாடு. பனியன் கம்பெனிக்குப் போற பொண்ணுங்க வாயில் தினமும் வர்ற பேச்சு 'சிங்கிள் ஜெர்சி' துணி. மாட்டுக்கும் துணிக்கும் பேர் கொடுத்தது ஒரே ஊர்தான். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில், கடலில் இருக்கிற ஜெர்சி என்கிற சின்னத் தீவு அது.

400 வருசத்துக்கு முந்தி அந்தத் தீவில் ஆணும் பெண்ணும் கம்பளி நூலில் காலுறையும் சட்டையும் கையாலேயே பின்னி வெளியூருக்கு வித்தாங்க. அதில் வருமானம் நல்லா இருந்ததால காட்டு வேலைக்கு ஆள் கிடைக்கலை. 1608-ல் அங்கே ஒரு சட்டமே போட்டாங்க: அறுப்புக் காலத்திலும், வயலுக்கு உரமாகக் கடல்பாசி அள்ளும் காலத்திலும், 15 வயசுக்கு மேல் இருக்கிறவங்க பின்னக்கூடாது. வீட்டுப் பின்னல் வெறும் பொழுதுபோக்கா இருந்திருந்தா அதுக்கு எதுக்குங்க சட்டம்?

மெஷின் வந்ததும் இங்கிலாந்தில்தான். 1589-ல் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் மெஷினைக் கண்டுபிடித்தார். கையால் பின்னிப் பிழைக்கிற ஏழைகள் வயித்தில் அடிக்கும்னு எலிசபெத் ராணி அதுக்கு உரிமை தர மறுத்ததாகச் சொல்வாங்க. ஆனாலும் மெஷின் நிக்கலை. 1847-ல் மேத்யூ டவுன்செண்ட் என்பவர், கொக்கியில் சின்ன நாக்கு வெச்ச ஊசியைக் கொண்டுவந்தார். நாக்கு திறந்து மூடுறப்போ கண்ணி தானா விழும். இன்னைக்கும் நிட்டிங் மெஷினில் ஓடுறது அந்த வகை ஊசிதான். நம்ம திருப்பூரில் 1925-ஐ ஒட்டி பனியன் கம்பெனி ஆரம்பமாச்சு. அப்போ மெஷினைக் கையால்தான் சுத்துனாங்க.

அப்போ கைப்பின்னல் எதுக்கு? கம்பெனித் துணி சைஸ் பார்த்துத்தான் வெட்டுப்படும். நான் பின்றது ஆளைப் பார்த்து. முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி, இஞ்சுக்கு எத்தனை கண்ணின்னு எண்ணுவேன். 5 கண்ணி வருதுன்னு வெச்சுக்கங்க. மார்பு 36 இஞ்சு, தாராளமா இருக்க 4 இஞ்சு, மொத்தம் 40. அப்போ சுத்தளவுக்கு 200 கண்ணி, முன்னாடி 100, பின்னாடி 100. கூன் விழுந்த பாட்டிக்கு முதுகில் மட்டும் சில வரிசை கூடப் பின்னணும். இல்லாட்டி பின்பக்கம் மேலே ஏறிக்கும். ஒரு கை குட்டையா இருந்தா அந்தக் கைக்குத் தனி அளவு. இந்த வேலையைக் கடை ஸ்வெட்டர் செய்யாது.

வீட்டு வேலைக்கு நடுவில் பெரியவங்க ஸ்வெட்டர் ஒண்ணு முடிக்க எனக்கு 15 நாள் ஆகும். ஆனா வாங்க வர்றவங்க நூல் விலையை மட்டும்தான் கணக்குப் பார்க்கிறாங்க. "டிவி பார்த்துக்கிட்டே பின்றதுதானே"ங்கிறாங்க.

இதுவும் பழைய கதைதானுங்க. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகள் இருக்கு. அங்கே பெண்கள் வீட்டில் பின்னின சால்வையைக் கடைக்காரர் வாங்கிக்குவார், பணம் தரமாட்டார். டீத்தூளும் துணியும்தான் கொடுப்பார். விலையும் அவர் சொல்றதுதான். 1872-ல் அரசு விசாரணைக்கு ஆள் வந்தப்போ, அந்தப் பெண்களே நேரில் போய், கையில் காசு வர்றதில்லைன்னு சாட்சி சொன்னாங்க. அந்த வாக்குமூலம் எல்லாம் அறிக்கையாகவே அச்சில் வந்திருக்கு. இத்தனைக்கும் அவங்க கைவேலையில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொருத்தியும் தனியாப் போய்க் கடைக்காரர் முன்னாடி நின்னதுதான் குறை.

அந்த நிலை நமக்கு இல்லை. 1989-ல் தருமபுரியில் தொடங்கின மகளிர் குழுக்கள் தமிழ்நாடு முழுக்கப் பரவி, குண்டடத்துக்கும் வந்திருக்கு. சேமிக்கக் கத்துக்கிட்டோம், பேங்கில் பேசக் கத்துக்கிட்டோம். அடுத்ததா, கூலியை நாமே சொல்லக் கத்துக்கணும்.

அதுக்கு என் யோசனை இதுதான். பின்னல், தையல், பிசிறு வெட்டுறதுன்னு வீட்டில் இருந்து வேலை செய்யற ஒவ்வொருத்தரும் ஒரு நோட்டுப் போடுங்க. என்ன பொருள், நூல் எவ்வளவு, எத்தனை மணி நேரம், கைக்கு வந்தது எவ்வளவுன்னு மூணு மாசம் எழுதுங்க. அதைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் வெச்சு, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுக்குக் கீழே யாரும் செய்யறதில்லைன்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணலாம். என் நோட்டை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர்றேன். நீங்களும் கொண்டாங்க.