வெட்டி ஒட்டிய ஒலிகள்

ஒலியைப் பதிந்து வைக்கும் கருவி, புதிய இசையைப் படைக்கும் கருவியாகவும் ஆக முடியுமா? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர், பிரெஞ்சு வானொலியில் பொறியாளராகப் பணியாற்றிய பியர் ஷேஃபர் ஆவார்.

1948-இல் அவர் பாரிஸ் நகரின் ரயில் நிலையம் ஒன்றில் நீராவி எஞ்சின்களின் ஓசையைப் பதிவு செய்தார். இசைத்தட்டில் முள் ஓடும் பள்ளம் சுருளாகச் செல்வதை நாம் அறிவோம். அப்பள்ளத்தை ஒரு வட்டமாக மூடிவிட்டால் முள் அதிலேயே சுற்றிச் சுற்றி வரும். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டில், ஏறத்தாழ முக்கால் வினாடி ஓசை ஓயாமல் திரும்ப ஒலிக்கும். எந்த ஓசையும் இவ்வாறு தாளமாகிவிடும்!

அவருடைய மற்றொரு சோதனை இதனினும் வியப்பானது. மணியோசையில் 'டங்' என்னும் முதல் தாக்கத்தை நீக்கிவிட்டு, எஞ்சிய ரீங்காரத்தை மட்டும் கேட்டார். அது மணியாகவே தோன்றவில்லை. நாகசுரத்தைப் போலச் சீவாளி கொண்ட ஓபோ என்னும் குழலின் ஒலியை ஒத்திருந்தது. ஓர் ஒலி இன்னதென்று செவி அறிவதற்கு அதன் தொடக்கம் பெரிதும் துணை செய்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

பின்னர் ஷேஃபரும் பியர் ஆன்ரி என்ற இளைஞரும் சேர்ந்து மூச்சு, காலடி, கதவைத் தட்டும் ஓசை முதலியவற்றைக் கோத்து 'தனி மனிதனுக்கான சிம்பொனி'யை அமைத்தனர். 1950-இல் அது பாரிஸில் அரங்கேறியது. அடுத்து வந்த காந்த ஒலிநாடாவை வெட்டி ஒட்ட முடிந்ததால் இம்முறை எளிதாகி, பல நாடுகளிலும் பரவியது.

இவ்வழியில் வந்ததே 1990-இல் இங்கிலாந்தில் வெளியான 'சில் அவுட்' என்னும் இசைத்தொகுப்பு. பில் டிரம்மண்ட், ஜிம்மி காட்டி ஆகிய இருவரும் 'கே.எல்.எஃப்.' என்ற பெயரில் இதனை உருவாக்கினர். அமெரிக்காவில் டெக்சாஸிலிருந்து லூசியானாவுக்குச் செல்லும் கற்பனை இரவுப் பயணம் இது. ரயிலோசை, ஆடுகளின் குரல், வானொலிப் பேச்சு, எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுத் துணுக்கு ஆகியவை 44 நிமிடங்கள் இடையறாது ஒன்றில் ஒன்று கரைகின்றன. அறையில் மெல்லச் சூழ்ந்து நிற்கும் இவ்வகை இசையை 'ஆம்பியன்ட்' என்பர்.

ஆனால் இங்கே ஒரு சிக்கலும் உண்டு. தாக்கத்தை நீக்கினால் மணி மறைந்துவிடும். பாட்டிலிருந்து வெட்டி எடுத்தாலும் பாடகரின் குரல் அவர் குரலாகவே நிற்கும். அப்படியாயின், அத்துணுக்கு யாருக்குச் சொந்தம்? 2021-இல் இத்தொகுப்பு திருத்தப்பட்டு வேறு பெயரில் வெளிவந்தபோது, பிறருடைய இசைத் துணுக்குகள் சில அதில் இடம்பெறவில்லை. ஒலியை அதன் மூலத்திலிருந்து பிரித்தெடுக்க அறிவியல் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. உரிமையையும் உடன் பிரித்தெடுக்க அதனால் இயலாதன்றோ!