கட்டுமரக் கரைக்கு எஞ்சின் வந்த வரலாறு

அஞ்சுதெங்கு முதல் பூந்துறை, புல்லுவிளை, பூவாறு வழியாகப் பொழியூர் வரை நீண்டு கிடக்கும் திருவனந்தபுரத்துக் கடற்கரையில், விழிஞ்ஞத்தின் சிறு குடாவை நீக்கிப் பார்த்தால், ஓர் ஓடம் அலைக்கு அஞ்சி ஒதுங்குவதற்கு இயற்கை அமைத்துக் கொடுத்த புகலிடம் என்று சொல்லத்தக்கது அரிது. மணற்கரை சட்டென்று சரிந்து ஆழத்தில் இறங்குவதால், நெடுந்தூரம் தடையின்றி வரும் அலை தன் வேகம் முழுவதையும் கரையோரத்திலேயே கொட்டித் தீர்க்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களிலோ அதன் உக்கிரம் சொல்லுந்தரமன்று. இந்தக் கரையில் எஞ்சின் பூட்டிய சிறு வள்ளங்கள் முதன்முதலாகத் தோன்றிய வரலாற்றைச் சொல்லப் புகுகிறவன், எஞ்சினுக்கு முன்னால் இந்த அலையைப் பற்றியே பேசக் கடமைப்பட்டவன்.

அலையை வென்ற புராதன சாதனம் கட்டுமரம். இலேசான மரத்துண்டுகள் நான்கைந்தைச் செதுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுகப் பிணைத்துவிட்டால் அதுவே ஓடம். அதற்கு உள்ளிடம் என்று ஒன்று கிடையாது. ஆகையால் நீர் நிறைந்து மூழ்குவதும் கிடையாது. அலை மேலே புரண்டால் நீர் இடுக்குகள் வழியே வடிந்துபோகும். கவிழ்ந்துவிட்டால் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்த பின் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு துண்டாகத் தோளில் சுமந்து சென்று மணலில் உலர்த்தலாம். பின்னிரவில் நிலத்திலிருந்து வீசும் காற்றுக்குப் பாய் விரித்துப் புறப்பட்டு, நண்பகலுக்குப் பின் கடலிலிருந்து எழும் காற்றைப் பிடித்துத் திரும்புவது அதன் தினசரி நியமம். இதைப் பாமரர் கருவியென்று அலட்சியம் செய்த அதிகாரிகளும் நிபுணர்களும் பலர். நானோ இதனை நம் கடற்கரையின் உன்னதமான சிருஷ்டிகளுள் ஒன்றாகவே கருதுகிறேன்.

1952 ஆம் ஆண்டில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக, கொல்லத்துக்கு அருகிலுள்ள நீண்டகரையில் மீன்பிடிப்பை நவீனமாக்கும் முயற்சி தொடங்கியது. உள்ளூர் வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்தலாம் என்று முதலில் எண்ணியவர்கள், அவற்றின் உடல் அதற்கு இசையாது என்பதை அனுபவத்தில் உணர்ந்து, டீசல் எஞ்சினை உள்ளே தாங்கும் புதிய படகுகளைக் கட்டினார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும் அந்தப் படகுக்குத் துறைமுகம் இன்றியமையாதது. நீண்டகரையில் காயல் முகத்துவாரம் இருந்தது; அஞ்சுதெங்கிலும் பூந்துறையிலும் இருந்தது வெறும் மணல். ஆகவே தெற்கிலிருந்த கட்டுமரக்காரர்கள் அந்த அபிவிருத்தியைத் தூரத்தில் நின்று பார்த்தவர்களாகவே இருந்தார்கள். பின்னர் இறால் ஏற்றுமதியின் லாபத்தால் பெருகிய இழுவலைப் படகுகள் கரையோர நீரிலேயே வந்து அடிமட்டத்தை வாரத் தொடங்கியபோது, பார்த்து நின்றவர்களுடைய வலையும் வெறுமையாயிற்று. 1980 இல் கேரளத்தின் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்ததும், 1988 இல் மழைக்கால இழுவலைத் தடை வந்ததும் அந்த மக்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகுதான்.

கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டபடியால், இன்னும் தூரம் போக வேண்டும். விரைந்து போய் விரைந்து திரும்ப வேண்டும். அதற்கு எஞ்சின் தேவை. ஆனால் எஞ்சினைத் தாங்குவதற்கு, கட்டுமரத்தைப் போல் அலையைக் கடக்கவும், நான்கு பேர் கைகொடுத்து மணலில் ஏற்றவும் கூடிய ஓர் உடல் வேண்டுமே! அந்த உடலைத் தேடும் பணி நிகழ்ந்த இடம், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாகவே இருந்த முட்டம். கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கத்தைச் சார்ந்த படகு கட்டும் கூடத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜிலே, கட்டுமரத்தின் குணத்தைப் பிளைவுட்டில் வடிக்க முயன்றார். மேல்தளம் மூடியதும், உள்ளே காற்றடைத்து மூழ்காதிருப்பதுமான ஓடம் ஒன்றை அவர் வகுத்தார். 'கோட்டார்கட்' என்று அதற்குப் பெயர். தோல்விகளையும் ஒளிக்காமல் அந்த அனுபவங்களை அவர் எழுதிய நூல் 1985 இல் வெளிவந்தது.

ஆங்கிலேயப் படகு வடிவமைப்பாளர் எட்வின் கிஃபர்ட் வழியாக இக்கரைக்கு வந்த கட்டுமான முறையைச் சற்று நின்று காண்பது தகும். பிளைவுட் பலகைகளை வரைபடத்தின்படி அறுத்து, ஓரங்கள் நெடுகச் சிறு துளைகள் இடுகிறார் தச்சர். இரு பலகைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, துளைகளில் செம்புக் கம்பியைக் கோத்து முறுக்குகிறார். முறுக்க முறுக்க, தட்டையாகக் கிடந்த பலகை வளைந்து எழுந்து படகின் உருவத்தைத் தானே அடைகிறது. பிறகு மூட்டின்மேல் ரெசின் தோய்ந்த கண்ணாடி இழை நாடாவை ஒட்டி, வெளியே துருத்தும் கம்பிகளைக் கத்தரித்து விடுகிறார்கள். இம்முறை அயல்நாட்டிலிருந்து வந்ததென்பது உண்மையே. ஆனால் கரைவலை இழுக்கும் வள்ளங்களின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தே கட்டிவந்த கரை இது. துளையிட்டு, கோத்து, இறுக்கும் அந்த வேலை இங்கே எவருக்கும் விநோதமாக இருந்திருக்க முடியாது. புதிய வித்தை இத்தனை விரைவில் வேரூன்றியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

எஞ்சின் விஷயத்திலும் தேர்வு பொருத்தமாகவே அமைந்தது. உள்ளே பொருத்தும் எஞ்சினின் சுழலி படகின் அடியில் நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருப்பதால், மணலில் ஏறும்போது முதலில் முறிவது அதுதான். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் 1909 இல் பிரபலமாக்கிய வெளிப்பொருத்து எஞ்சினோ, படகின் பின்பலகையில் திருகி மாட்டப்படுவது. கரை நெருங்கியதும் சுழலியோடு மேலே சாய்த்துவிடலாம். இறங்கியபின் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோகலாம். யமஹா, சுசூக்கி போன்ற ஜப்பானிய எஞ்சின்கள் இக்கரையில் பரவின. பெட்ரோலில் கயிற்றை இழுத்துத் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் முறை மீனவச் சிறுவர்களுக்கும் பாடமாயிற்று.

1980 இல் உருவாகி, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கிராமச் சங்கங்களின் வழியாகப் படகு கட்டும் கூடங்களையும் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் பரப்பியது. மரியநாட்டு மீனவர் கூட்டுறவில் 1970களில் பணியாற்றிய ஜான் குரியன் போன்றோர், மீனவனே தன் மீனை விற்கவும் தன் கடனைத் தானே நிர்வகிக்கவும் வேண்டும் என்று அதற்கு முன்பே பாதை அமைத்திருந்தார்கள். அந்தப் பாதை இல்லாமல் வெறும் எஞ்சின் மட்டும் வந்திருந்தால், அது வட்டிக்காரனுக்கும் மீன்வியாபாரிக்கும் இன்னொரு பிடிமானமாகவே முடிந்திருக்கும்.

இன்று அந்தப் பிளைவுட்டின் இடத்தைக் கண்ணாடி இழைப் படகு பெருமளவு பிடித்துக்கொண்டது. 10 குதிரைத்திறனுக்கும் குறைவாகத் தொடங்கிய எஞ்சின் அடுத்தவனுடையதை முந்தும் ஆசையில் பெருத்துக்கொண்டே போகிறது. செலவும் அதன் கூடவே போகிறது. நிலக்காற்றுக்கும் கடற்காற்றுக்கும் விலை கொடுத்து அறியாத மக்கள் இப்போது ஒவ்வொரு விடியலிலும் மண்ணெண்ணெய்க்கு விலை கொடுத்த பிறகே கடலில் இறங்க முடிகிறது. கரையோர மீனை இழுவலைக்கு விட்டுக்கொடுத்து, அவர்களைத் தூரக் கடலுக்குத் துரத்தியது அரசாங்கங்களின் கொள்கையே. ஆகவே மானிய மண்ணெண்ணெயைத் தருமமாக நினைத்து வருஷந்தோறும் குறைப்பதற்கு அந்த அரசாங்கங்களுக்கு நியாயம் இல்லை.